அம்மையார் பெயர் வாசிக்கிறார்

தகுதி இல்லையாம். நீலக் கோட்டுக்காரன் சொல்கிறான். குழந்தைசாமி என் தாடையைப் பிடித்து மேலே தூக்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு மேல் மாட்டியிருக்கும் டி.வி.தான் கண்ணில் படுகிறது. அதில் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான், முழங்கை இரண்டையும் மேசைமேல் ஊன்றி, தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு. என்னிடம் படித்திருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு முதலில் நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுத்திருப்பேன், கேள்வி கேட்பதெல்லாம் அப்புறம். பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு எவனைப் பார்த்தாலும் முதலில் முதுகெலும்புதான் தெரிகிறது, என்ன செய்ய. ஒரு மாநிலத்தை ஆள இந்த அம்மையாருக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கிறான். கேட்டுவிட்டு, மூச்சு விடாமல், ஒன்றுமில்லை என்று அவனே பதிலும் சொல்லிவிடுகிறான். அம்மையார் என்பது வடிவாம்பாள். வடிவாம்பாள் என்பது என் வடிவு, என் மனைவி. நாளைக்குக் காலையில் சென்னையில் ஆளுநர் முன்னால் நின்று முதலமைச்சராகப் பதவி ஏற்கப் போகிறாள். நான் இங்கே அறந்தாங்கியில், குழந்தைசாமியின் சலூனில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியும் முகம் நிறைய நுரையுமாக உட்கார்ந்து, என் பெண்டாட்டிக்கு என்னென்ன தெரியாது என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் உள்ளே வந்ததுமே குழந்தைசாமி பெட்டியை அணைக்கப் போனான், மரியாதை தெரிந்தவன். நான்தான் இருக்கட்டும் என்றேன். அணைத்தால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடாதா? எனக்கென்ன பயம். பயம் இல்லை என்று நாலு தடவை எனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற அளவுக்குத்தான் இருக்கிறது. காலையில் வாசலில் விழுந்த பேப்பரிலும் தலையங்கமே அவள்தான். படித்தேன், மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன், திரும்ப எடுத்துப் படித்தேன். படிப்பு போதாது, இங்கிலீஷ் வராது, அமைச்சராக இருந்த காலத்தில் சட்டமன்றத்தில் வாயைத் திறந்ததே அபூர்வம், டெல்லிக் கூட்டத்தில் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டு வந்தவர், குழாயடிச் சண்டையைத் தீர்க்கிற திறமை கோட்டைக்குப் போதாது. நல்ல தமிழில் எழுதியிருக்கிறான் பாவி. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ஒரு பிழையாவது இருக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

சுவரில் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று பலகை தொங்குகிறது. மனிதர்களுக்குத்தான் அந்தச் சட்டம், பெட்டிக்கு இல்லை போலிருக்கிறது. இதோ மறுபடியும் போடுகிறார்கள். காலையிலிருந்து இதையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நேற்று எம்.எல்.ஏ.க்கள் கூட்டத்தில் அவள் பேசியது. முதலமைச்சராக இருந்த தலைவர் திடீரென்று நெஞ்சு வலியில் போய்விட்டார், நாற்காலி காலி. கட்சியில் பெரிய தலைகள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க, தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்கும் கிடைக்கக் கூடாது என்று பொருளாளர் கோதண்டபாணி எழுந்து, வடிவாம்பாள் என்று முன்மொழிந்தார். யாருக்கும் பகை இல்லாத பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் எழுந்து பேசினாள். பேச்சில் பாதிக்கு மேல் பெயர்தான். கீழே ஓடுகிற சிவப்புப் பட்டையில் 'அம்மையார் பெயர் வாசிக்கிறார்' என்று எழுத்து ஓடுகிறது, பின்னால் ஒரு பீப்பீ சத்தம் வேறு சேர்த்திருக்கிறார்கள். கோட்டுக்காரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன் எங்கள் மேடைகளில் நின்றதில்லை. எங்கள் மேடைகளில் பேச்சு பெயரில்தான் தொடங்கும். மாவட்டச் செயலாளர் அவர்களே, ஒன்றியச் செயலாளர் அவர்களே என்று உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரையும் வரிசை தப்பாமல் சொன்ன பிறகுதான் விஷயத்துக்கே வர முடியும். ஒருவரை விட்டாலும் போச்சு, பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிட்ட மாதிரி. அவர் மேடையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அடுத்த தேர்தலில் வேலை செய்ய மாட்டார், பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாட்டார். மற்றவர்கள் துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். வடிவு சீட்டு வைத்துக்கொண்டதே கிடையாது. முன்வரிசை, பின்வரிசை, டீ கொடுத்தவர், நாற்காலி போட்டவர், அத்தனையும் வாயில் நிற்கும். நேற்றும் அப்படித்தான் சொன்னாள். கோதண்டபாணிக்கு இடப்பக்கம் இருந்தவர் பெயர் வந்தது. வலப்பக்கம் இருந்தவர் பெயர் வந்தது. கழுத்தில் மாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்த கோதண்டபாணி பெயர் மட்டும் வரவில்லை. அவர் முகத்தைச் சுற்றி இப்போது சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். தன்னை முன்மொழிந்தவர் பெயரையே ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர் எட்டுக் கோடிப் பேரை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார் என்கிறான் கோட்டுக்காரன். இந்தக் கேள்விதான் என்னையும் குடைகிறது. நேற்றிலிருந்து இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கோதண்டபாணி நேற்றுச் சாயந்திரமே என்னைக் கூப்பிட்டார். அந்தக் கூட்டம் முடிந்து, டி.வி.யில் வட்டம் எல்லாம் போட ஆரம்பித்த பிறகு. பெயர் விட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குரல் வெல்லம் மாதிரி இருந்தது. வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். காலையில் வண்டி அனுப்புகிறேன், ஏறி வந்துவிடுங்கள், முதல் வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான் என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "அம்மாவுக்கு இதெல்லாம் புதுசு வாத்தியாரே. நாம ரெண்டு பேரும் கூட இருந்து பாத்துக்கிட்டா எல்லாம் தானா ஓடும்" என்றார். சரிங்கய்யா என்றேன். சொல்லிவிட்டேன். நாம ரெண்டு பேரும். அந்த வார்த்தை அப்போது இனிக்கத்தான் செய்தது. விசில் ஊதி ஊதியே காலம் போனவனைப் பெரிய மனிதர் நாம என்று சேர்த்துச் சொன்னால் இனிக்காமல் என்ன செய்யும். படுக்கும்போதுதான் அது தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. எதைப் பார்த்துக்கொள்வது? எது தானாக ஓடும்? வடிவைக் கேட்கலாம் என்றால் அவள் போன் எடுக்கவில்லை. இரண்டு தடவையும் ஒரு பையன் எடுத்து, அம்மா மீட்டிங்ல இருக்காங்க சார் என்றான். அவன் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் புது வேட்டி சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவள் பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள், அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே, அதற்காகவாவது போகத்தானே வேண்டும் என்று ஒரு சாக்கு. உண்மை அது இல்லை. எனக்கு அங்கே இருக்க வேண்டும். வடிவாம்பாள் எனும் நான் என்று அவள் சொல்வதை இந்தக் காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சவரம். இது முடிவதற்குள் வண்டி வந்துவிடும். ஏறுவதா வேண்டாமா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

"இந்தம்மாவுக்கு என்னங்க தெரியும்" என்று பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு குரல். கண்ணாடியில் பார்க்கிறேன், ஊருக்குப் புதுசு. மடியில் உரக் கம்பெனிப் பை, கையில் என் வீட்டில் வந்த அதே பேப்பர். பலகையைப் படிக்கவில்லை போலிருக்கிறது. குழந்தைசாமியின் கத்தி என் கன்னத்தில் அப்படியே நின்றது. அந்த ஆள் விடுவதாயில்லை. இங்கதான் எங்கேயோ வீடாம், வீட்டுக்காரர் வாத்தியாராம், இனிமே எல்லாம் அவரு வச்சதுதான் சட்டம், பொம்பளைங்க பதவிக்கு வந்தா பின்னால ஆம்பளை உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொல்றது நாம பார்க்காததா என்கிறான். குரலில் கெட்ட எண்ணம் இல்லை, மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொல்கிறான். கத்திக்கு அடியில் வாயைத் திறக்க முடியுமா? வெளியே நேற்றிலிருந்து என்னைச் சுற்றி வருகிற போலீஸ்காரர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார். நுரைக்குள் இருப்பது யார் என்று இவனுக்கு யாராவது சொல்லித் தொலைக்கக் கூடாதா. குழந்தைசாமி சொல்ல வாயெடுத்தான், நான் துணிக்கு அடியிலிருந்து கையை நீட்டி அவன் முழங்கையைத் தொட்டேன். பேசாமல் சிரைக்கத் தொடங்கினான். பார்த்தால் டி.வி.யிலும் அதே பாட்டு. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், உண்மையான முதல்வர் கோட்டையில் இருக்க மாட்டார், அறந்தாங்கியில் இருப்பார் என்கிறார். உடனே என் படம். எங்கே பிடித்தார்களோ, விளையாட்டு விழாவில் எடுத்தது, வாயில் விசிலோடு கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு. பெஞ்சுக்காரன் பார்த்துச் சிரிக்கிறான். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்புக்கு அடியில் வேறொன்று கிடந்தது. இந்தப் படத்தைத்தான் நாளைக்கு முதல் வரிசையில் கோதண்டபாணிக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறார்கள். கேமராக்காரன் அவளைக் காட்டிவிட்டு என்னைக் காட்டுவான், என்னைக் காட்டிவிட்டு அவளைக் காட்டுவான்.

பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொல்வதாமே. அவளையா? ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பது வேறு கதை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டார்கள், சார், உங்க வீட்டம்மாவ நிறுத்தலாமா என்று. வேட்பாளர் அடுக்களையிலிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் சரி என்றேன். நீங்க நின்ன மாதிரிதான் சார் என்று கை குலுக்கினார்கள். போஸ்டர் வந்தது. என் படம் பெரிதாக, சிரித்த முகத்தோடு. மூலையில் ரேஷன் கார்டிலிருந்து எடுத்த அவள் படம் தபால்தலை அளவுக்கு. ஆசிரியர் அம்பலவாணன் அவர்களின் துணைவியார் என்று கொட்டை எழுத்து. அவள் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். வாசலில் ஒட்டியிருந்ததை நின்று பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அன்று சாயந்திரம் காய்கறி மார்க்கெட்டில் முதல் கூட்டம். அவள் அதற்கு முன்னால் மைக்கைத் தொட்டதே இல்லை. வார்டு செயலாளர் அவர்களே என்று ஆரம்பித்தாள். மகளிர் அணி அக்கா அவர்களே. மைக் செட் ரபீக் அவர்களே. டியூப் லைட்டுக்குக் கரண்ட் கொடுத்த அரிசிக் கடைக்காரர் அவர்களே. கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்தாள். நான் மேடை நடுவில், பளபளவென்று துண்டு போட்டுக்கொண்டு, இதோ வரும் இதோ வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. என்னை விட்டுவிட்டுப் பேச்சுக்குள் போய்விட்டாள். மார்க்கெட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, என் பேரு மறந்து போச்சா என்று கேட்டேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "போஸ்டர்ல என் பேரு எங்க இருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள். கோபமே இல்லை குரலில். இரண்டு நாள் நான் பேசவில்லை, தெருவுக்கே தெரியும். மூன்றாம் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னாள், பி.டி. வாத்தியார் அம்பலவாணன் அவர்களே என்று, மைக் செட் ரபீக்குக்கு அடுத்தபடியாக. ஜெயித்தாள். நகராட்சி அலுவலகத்தில் முதல் நாள் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்று இழுத்துப் போட்டார்கள். நீங்க கிளம்புங்க, சாயந்திரம் வீட்ல பார்க்கலாம் என்று எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வாசலை நான் மிதித்ததில்லை.

எங்கே விட்டேன்? பெயர். கோதண்டபாணி பெயர். வலப் பக்கம் முடிந்தது, குழந்தைசாமி தலையைத் திருப்பி வைக்கிறான், இனி இடப் பக்கம். டி.வி.யில் இப்போது ஒரு டாக்டர். வயது ஐம்பத்தெட்டு, வேலைப் பளு, இந்த மாதிரி திடீர் மறதியை அலட்சியம் செய்யக் கூடாது, மக்களுக்கு அவர் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று மெதுவாக, அக்கறையாகச் சொல்கிறார். கோட்டுக்காரன் கத்துவதைத் தாங்கிவிட்டேன், இவர் அக்கறையைத் தாங்க முடியவில்லை. சட்டைப் பையில் மாத்திரை உறுத்துகிறது. போன மாதம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் அணைத்தேன். என்ன யோசனை என்றதற்கு ஒன்றுமில்லை என்றாள். அது என்ன ஒன்றுமில்லை? மாத்திரையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாளே. உண்மையிலேயே மறதிதானோ. இத்தனை பேர் சொல்கிறார்களே, தலையங்கம் எழுதுகிறவன் மடையனா, எனக்குத்தான் கண் மறைக்கிறதோ. குழந்தைசாமி, ஆடாதீங்க சார் என்றான். ஆடவில்லை. புயல் வந்த வருஷம் ஞாபகம் வந்தது. ஜெகதாப்பட்டினத்தில் மீனவக் குடும்பங்களை எல்லாம் கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கரண்ட் இல்லை, ஜன்னல் கண்ணாடி உடைந்து உள்ளேயே மழை. எல்லோரும் வந்தாச்சு கதவைச் சாத்தலாம் என்றார்கள். அப்போது எம்.எல்.ஏ.வாக இருந்த வடிவு பெஞ்சு மேல் ஏறி நின்று வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அவள் எதற்கு இந்த நேரத்தில் வருகைப் பதிவு எடுக்கிறாள் என்று எனக்கே பொறுக்கவில்லை. குரல் கட்டிப் போய்க் கரகரவென்று, ஒவ்வொரு பெயருக்கும் இருட்டிலிருந்து ஒரு பதில். அந்தோணியம்மா என்றபோது பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருந்தாள் அந்தப் பெண். ஜீப் போய்க் கூட்டி வந்தது, இடுப்பில் ஒரு குட்டியோடு வந்து இறங்கினாள். அவள் வீட்டுக் கூரை காலையில் இல்லை. அதைப் படம் பிடிக்க அன்று அங்கே யாரும் இல்லை. பெயர் வாசிக்கிறாளாம். ஆமாம், வாசிக்கிறாள். அத்தனை பேர் பெயரையும் இருட்டில் ஞாபகம் வைத்திருந்தவள் பக்கத்து நாற்காலியில் மாலையோடு இருந்தவரையா மறப்பாள்?

மறுபடி அந்தப் படம். சத்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன். வாய்ப் பேச்சைக் கேட்டு நான் எந்தப் பையனையும் கபடி டீமில் எடுத்ததில்லை, காலைப் பார்த்துத்தான் எடுத்தேன். பாடி வந்தவனைப் பிடிக்காமல் தவறவிட்டவனுக்குக் கால் பின்னிக்கொள்ளும். வேண்டுமென்றே விடுகிறவனுக்கு அசையாது. வடிவின் முழு உருவமும் தெரிகிறது, அந்தப் பச்சைக் கரைச் சேலை, மைக்குக்கு முன்னால் சேர்ந்து ஊன்றிய கால். இடப்பக்கத்தவர் பெயரைச் சொல்கிறாள். அடுத்தது கோதண்டபாணி. அவள் திரும்புகிறாள். உடம்பு முழுவதும் அவர் பக்கம் திரும்புகிறது, அவர் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவரை நேராகப் பார்க்கிறாள். ஒரு மூச்சு, கால் அசையவில்லை. அடுத்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவர் கை பாதியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், மாலையைச் சரிசெய்கிறது. மறதியாவது மண்ணாவது. அன்றைக்கு மார்க்கெட்டில் என்னை இப்படித்தான் பார்த்தாள். உன்னால் வந்தேன், ஆனால் நீ சொல்லி நடக்க வரவில்லை என்று அத்தனை எம்.எல்.ஏ.க்கள் முன்னாலும், கோபப்படாமல், ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசாமல், அவள் சொல்லிவிட்டாள். அங்கே இருந்த ஒவ்வொருவனுக்கும் அது புரிந்திருக்கும். கோதண்டபாணிக்கு முதலில் புரிந்திருக்கும், அதனால்தான் அரை மணி நேரத்தில் எனக்குப் போன். அவளைப் பிடிக்க முடியவில்லை, வாத்தியாரைப் பிடி என்று. கோட்டுக்காரனுக்குத்தான் புரியவில்லை, வட்டம் போட்டுப் போட்டு அவனே ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல என்ன வெட்கம், நெஞ்சு வெடித்துவிடும் போல் பெருமை. எழுந்து நின்று விசில் ஊத வேண்டும் போலிருந்தது. கூடவே ஒரு பயமும் எழுந்து நின்றது. அவர் இழுக்கப் பார்க்கிற கயிறு நான்தான். அவர் வண்டியில் போகக் கூடாது, அது சரி. ஆனால் ரயிலில் போகலாமே. எங்கேயாவது தள்ளி உட்காரலாமே. சொந்தப் புருஷன் முதல் வரிசையில் உட்கார்ந்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்? நான் என்ன கோதண்டபாணியா?

போன் அடித்தது. துணிக்குள் கையை விட்டு எடுத்தேன், வடிவு என்று தெரிந்தது. குழந்தைசாமி கத்தியைத் துடைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். சிரைத்த பக்கத்துக் காதில் வைத்தேன். அவள் பின்னால் யார் யாரோ பேசுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், பிறகு அமைதி. எங்க இருக்கீங்க என்றாள். சலூன் என்றேன். சாப்பிட்டாச்சா என்றாள், மாத்திரை இங்கேயே வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்றாள், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அந்த டி.வி.யைப் பார்த்திருப்பீங்களே என்றாள். குரல் கட்டியிருந்தது. நான் அதையெல்லாம் விட்டுவிட்டு, கோதண்டபாணி பேரு விட்டுப்போச்சே, மறந்துட்டியா என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன், அவள் வாயால் வர வேண்டும் என்று.

"நானா?" என்றாள்.

அவ்வளவுதான். எனக்குப் போதும். அவர் வண்டி அனுப்புகிற விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது, அதில் ஏறாதீர்கள் என்றாள். ஏற மாட்டேன், ராத்திரி ரயிலில் வந்துவிடுகிறேன் என்றேன், புது வேட்டியெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன், எதற்குச் சொன்னேனோ.

"வேணாங்க. முதல் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டிருந்தாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

நான் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீங்க அங்க உட்கார்ந்தா மறுநாளே ஃபைலெல்லாம் உங்களத் தேடி வீட்டுக்கு வரும். நீங்க வாங்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா வரும். வர்றவங்க நிக்க மாட்டாங்க." பிறகு, "கோவமா?" என்றாள்.

இல்லை என்றேன். அடுத்த வாரம் இங்க சென்னை வீட்டுக்கு வாங்க, விழாவுக்கு வேணாம் என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

இல்லை என்று சொன்னது பொய். கோபம் இல்லை, ஆனால் வலித்தது. வயிற்றுக்கு மேலே, விலாவுக்குக் கீழே, மூச்சு வாங்குகிற இடத்தில். கல்யாணமாகி இத்தனை வருஷம், கூட நின்று, காபி போடக் கற்றுக்கொண்டு, அவள் ஊர் ஊராகப் போனபோது வீட்டைப் பார்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு நாற்காலி. அதைக்கூட எடுக்கச் சொல்லிவிட்டாள். கேட்கக்கூட இல்லை, எடுத்துவிட்டுச் சொல்கிறாள். குழந்தைசாமி மிச்சத்தைச் சிரைத்து முடித்து மறுபடி நுரை போட்டான், எதிர்ச் சவரத்துக்கு. பிரஷ் முகத்தில் சுற்றச் சுற்ற அந்த வலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் ஏதோ ஒன்று கெட்டியாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். அவளைப் பதவிக்குக் கொண்டுவந்தவனை நேற்று வரிசையிலிருந்து எடுத்தாள். கட்டிக்கொண்டவனை இன்று எடுத்தாள். முதலாவதை எவன் வேண்டுமானாலும் செய்துவிடுவான், தைரியம் இருந்தால் போதும். இரண்டாவது அவளுக்குச் சுலபமில்லை, கோவமா என்று கேட்டதிலேயே எனக்குத் தெரிந்தது, அப்படியும் செய்தாள். கோட்டுக்காரன் மேசையைத் தட்டுகிறான், தகுதி, தகுதி என்று. இதைவிட என்ன தகுதி வேண்டும் இவனுக்கு? இங்கிலீஷா? என் கண் கலங்கியது, அதை நான் மறைக்கவில்லை. பெஞ்சுக்காரன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், போனில் பேசியதைக் கேட்டிருப்பான், டி.வி.யையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான், கையில் இருந்த பேப்பரை மெதுவாக மடித்தான். பயப்படாதீங்க, நானும் உங்கள மாதிரிதான் நெனச்சேன் என்று சொன்னேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். உட்காருங்க, அடுத்தது நீங்கதானே என்றேன்.

கடைசி இழுப்பு முடிந்து படிகாரக் கல்லைத் தேய்க்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. வெள்ளை வண்டி, முன்னால் கட்சிக் கொடி, கண்ணாடியெல்லாம் கறுப்பு. படிகாரம் எரிந்தது. வீட்டில் விசாரித்து வந்திருப்பான் போலிருக்கிறது, டிரைவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து இடுப்பு வளையக் கும்பிட்டான். கோதண்டபாணி ஐயா அனுப்பினாங்க, ஏ.சி. போட்டு வச்சிருக்கேன், வீட்டுக்குப் போய் உடுப்பு மாத்திக்கிட்டுக் கிளம்பிடலாம்ங்கய்யா என்றான். நல்ல பிள்ளை மாதிரி இருந்தான். நான் வரவில்லை, நீ சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போ என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. வெறும் வண்டியோடு திரும்பினால் கோதண்டபாணி என்ன கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். ஐயாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடட்டுங்களா என்று அவனே ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். குழந்தைசாமி துணியை அவிழ்த்து உதறினான். எழுந்து நின்றேன், நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலைச் சேர்த்து. டி.வி.யில் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லை தம்பி" என்றேன். "முதலமைச்சர் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லு."